ருசி பார்க்காத முதல் கிடாரம்

முதலில் ஒரு மன்னிப்பு. நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம். இதைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவதாகச் சொன்ன, கூட வேலை செய்யும் தர்ஷினி பிழைகளைத் திருத்துவாள். அவள் கண்ணுக்கும் தப்பியவை என்னுடையவை என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சீசனுக்கு எங்கள் சட்னி யூனிட்டில் வேலைக்குச் சேரப் போகிறவர்கள் வாசிக்கட்டும் என்றுதான் எழுதச் சொன்னார்கள். "செல்வண்ணைக்குக் கதைக்கத்தான் வெக்கம். எழுதச் சொன்னால் எழுதுவார்" என்றார் முதலாளி யோகன். எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதும்போது முன்னால் யாரும் நின்று என் முகத்தைப் பார்ப்பதில்லை. அது ஒரு வசதி.

1. தக்காளி கழுவத் தெரியுமோ

ஜெர்மனியில் பல வருடம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். லண்டனுக்கு வந்தபிறகு ஒரு பெரிய ஒபிஸ் கட்டிடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. 2009 தொடக்கத்தில் அங்கிருந்த கம்பெனி ஆட்களைக் குறைத்தது. ஆள் இல்லாத மாடியைக் கூட்ட ஆள் எதற்கு? எங்களையும் நிறுத்திவிட்டார்கள்.

அந்த நாட்களில் ஈஸ்ட் ஹாமில் ஒரு மரக்கறிக் கடையில் யோகனைக் கண்டேன். என்னைவிட வயதில் இளையவர். டென்மார்க்கில் மீன் பக்டரி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு இங்கே வந்தவர். பிளேஸ்டோவில் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு யூனிட் வாடகைக்கு எடுத்து, தக்காளிச் சட்னி செய்து போத்தலில் அடைக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். வேலை கேட்க எனக்கு வாய் வரவில்லை. கத்தரிக்காயைப் புரட்டிக்கொண்டு நின்றேன். அவரே கேட்டார்.

"செல்வண்ணை, இப்ப எங்கை வேலை?"

"இப்ப இல்லை."

"தக்காளி கழுவத் தெரியுமோ?"

"கோப்பை கழுவினனான்."

"கோப்பையிலும் பாக்கத் தக்காளி லேசு. உடைஞ்சால் சம்பளத்திலை வெட்ட மாட்டன். திங்கட்கிழமை வாங்கோ."

எனக்கு நடந்த இன்டர்வியூ அவ்வளவுதான்.

முதல் நாள் வெள்ளை பூட்ஸ், தலைக்கு வலை, நீலக் கையுறை தந்தார்கள். கையில் காயம் இருந்தால் நீலப் பிளாஸ்டர்தான் ஒட்ட வேண்டும். தக்காளிக்குள் விழுந்தால் கண்ணுக்குத் தெரிவதற்காக. தக்காளியில் நீலம் இல்லை என்பதை நான் அன்றைக்குத்தான் யோசித்தேன்.

வேலை இப்படிப் போகும். பெட்டியிலிருந்து பெல்ட்டில் கொட்டுவோம். அழுகல், பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் நான் பொறுக்கி எறிவேன். மிச்சம் டாங்கில் கழுவப்பட்டு, பல்ப்பர் மெஷினுக்குள் போகும். அது தோலையும் விதையையும் ஒரு பக்கம் தள்ளி, சாற்றை மறுபக்கம் விடும். சாறு ஸ்டீம் கெட்டிலுக்குப் போகும். அதை நாங்கள் கிடாரம் என்றுதான் சொல்லுவோம். அங்கே புவனேஸ் அக்கா நிற்பார். வற்றியதும் சூட்டோடு போத்தலில் நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து வைப்போம். ஆறும்போது மூடியின் நடு உள்ளே இழுபட்டு "டிக்" என்று ஒரு சத்தம் வரும். ஒரு மேசை முழுக்கப் போத்தல்கள் ஒவ்வொன்றாக டிக், டிக் என்று சொல்லும்போது எல்லோரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்போம். இன்றைக்கும் எனக்குப் பிடித்த சத்தம் அது.

யோகன், சமையலுக்குப் புவனேஸ் அக்கா, தரம் பார்க்கத் தர்ஷினி, போத்தல் நிரப்ப இரண்டு பெண்கள், நான். இதுதான் முழு யூனிட்டும். தர்ஷினி இங்கேயே பிறந்து வளர்ந்து உணவு விஞ்ஞானம் படித்தவள். தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் இங்கிலீஷ்.

அது எங்கள் ஆட்களுக்கு எப்படிப்பட்ட வருடம் என்று நான் எழுதத் தேவையில்லை. போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டு நேராக வேலைக்கு வந்த நாட்கள் உண்டு. வைகாசிக்குப் பிறகு அப்படிப் போய் நிற்கவும் ஒன்றும் இருக்கவில்லை. அக்காவின் தமையன் குடும்பம் வவுனியாவில் முகாமுக்குள் இருந்தது. அதைப் பற்றி அவர் கதைக்க மாட்டார். கிளறுவார். அந்த மாதங்களில் கைக்கு ஒரு வேலை இருந்தது. அதற்காகவே யோகனுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

2. சல்வோவின் கண்ணாடி வீடு

நாங்கள் ஆரம்பத்தில் சந்தையில் ஸ்பெயின் தக்காளி வாங்கிச் சின்னச் சட்டியில் செய்து பார்த்தோம். வெங்காயமும் உள்ளியும், அதாவது வெள்ளைப்பூண்டும், போடாத சட்னி. தக்காளி, மிளகாய்த்தூள், கடுகு, வெந்தயம், பெருங்காயம், உப்பு, நல்லெண்ணெய். விரதகாரரும் தின்னலாம் என்பது அக்காவின் கணக்கு. வெங்காயம் சாப்பிடாத குஜராத்திக் குடும்பங்கள் வாங்கும் என்பது யோகனின் கணக்கு.

சவுத்தாலில் ஒரு பஞ்சாபி மொத்த வியாபாரி இருந்தார். எல்லோரும் அவரைப் பாஜி என்பார்கள். அவர்களின் பேச்சில் அண்ணன் என்று அர்த்தமாம். சாம்பிளை ருசித்துவிட்டு அவர் சொன்னார்: முதல் லோட் இதே மாதிரி வந்தால், கோடை முழுவதும் எடுப்பேன்.

கோடை முழுவதும் கொடுக்க நிறையத் தக்காளி வேண்டும், மலிவாகவும் வேண்டும். அதற்குத்தான் சல்வோவைப் பிடித்தோம்.

லண்டனுக்கு வடக்கே லீ ஆற்றோரமாகப் போனால் கண்ணாடி வீடுகள் வரிசையாக வரும். அநேகம் இத்தாலிக் குடும்பங்களுடையவை. சல்வோவின் தகப்பன் சிசிலியிலிருந்து கூலி வேலைக்கு வந்து, பிறகு சொந்தமாகத் தொடங்கியவர். சல்வோவுக்கு அறுபது தாண்டியிருக்கும். அவர் இங்கிலீஷ் எனக்கு விளங்கியது. எனக்கு விளங்கும் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் இந்த நாட்டில் குறைவு. அவரும் சொல்லைத் தேடித் தேடித்தான் பேசுவார். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

முதல் தடவை போனபோது எங்களை நேரே குப்பைத் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். லொறியில் ஏற்றுகிற பெரிய இரும்புத் தொட்டி. முழுக்கத் தக்காளி.

"பாருங்கள். கடைகளுக்குத் தரம் பிரித்துப் பெட்டி கட்டுகிற பாக்ஹவுஸ்காரன் ஒரே அளவு, ஒரே நிறம்தான் எடுப்பான். வெடித்தது வேண்டாம். பெருத்தது வேண்டாம். மூக்கு வைத்தது வேண்டாம். உங்கள் நண்பருக்கும் மூக்கு இருக்கிறது, அவரை வேண்டாம் என்பீர்களா?" என்று என்னைக் காட்டினார்.

எனக்கு முகம் சிவந்திருக்கும். யோகன் சிரித்தார்.

"இதை அள்ளிக்கொண்டு போகவும் நான்தான் காசு கட்ட வேண்டும்" என்றார் சல்வோ. "வளர்க்கவும் காசு, எறியவும் காசு. இந்த நிலத்தில் வீடு கட்ட ஒருவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஓகஸ்ட் பிறக்கும் முன்னம் இந்த இரண்டாம் தரத்துக்கு ஒரு வழி வராவிட்டால் செடியைப் பிடுங்கிவிடுவேன். பிறகு கண்ணாடியும் போகும்."

"சவுத்தால் ஓடர் கையிலை வந்த அண்டைக்கே உங்கடை இரண்டாம் தரம் முழுக்க எங்களுக்கு" என்று யோகன் கை கொடுத்தார். அதை அவர் இங்கிலீஷில்தான் சொன்னார். எனக்கு இப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

உள்ளே போனோம். கூரை வரைக்கும் கயிற்றில் ஏறிய செடிகள். நடந்தால் சட்டையில் பச்சைக் கறை ஒட்டும், அந்த மணம் நாங்கள் வந்த வான் வண்டிக்குள்ளும் வந்து ஏறும். சல்வோ ஒரு வெடித்த பழத்தைப் பிய்த்து எனக்குத் தந்தார். தேன் மாதிரி இருந்தது. "இனிப்பு" என்றேன். பேரன் பிறந்த செய்தியை நான்தான் முதலில் சொன்னது மாதிரி அவர் முகம் மலர்ந்தது. யோகனும் தின்றார். "என்ன இனிப்பு, செல்வண்ணை!" என்றார். யூனிட்டுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தோம். எல்லோரும் தின்று எல்லோரும் புகழ்ந்தோம்.

சட்னிக்கு இவ்வளவு இனிப்பு எதற்கு என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

3. அக்காவின் நேர்த்தி

முதல் லோட் காய்ச்சியது ஆடி மாதத்து முதல் வெள்ளி. கிடாரத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. யோகன் ஒரு கரண்டியோடு வந்தார். புவனேஸ் அக்கா கையை நீட்டி மறித்தார்.

"முதல் கிடாரம் முருகனுக்கு. அவருக்கு வைக்க முன்னம் ஒருதற்றை நாக்கிலையும் படக் கூடாது. நேர்ந்திட்டன்."

"அக்கா, உப்பு எண்டாலும் பாக்க வேண்டாமோ?"

"எனக்கு உப்பு மணக்கும்."

"உப்பு எங்கையாவது மணக்குமோ?"

"உனக்கு மணக்காது. உனக்கு மீன்தான் மணக்கும்."

போத்தல் நிரப்புகிற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் அந்த நேர்த்திக்கடன் யாருக்காக என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். முகாமில் இருக்கிற நாலு பேருக்காக ஒரு மனுஷி வைத்த நேர்த்தியைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? யோகன் கரண்டியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்.

சுவாமிக்குப் படைப்பதை முன்னம் ருசி பார்ப்பதில்லை என்பது எங்கள் வீடுகளில் எல்லாம் உள்ளதுதான். அம்மாமார் பொங்கலையும் மோதகத்தையும் கைக்கணக்கில் செய்து பிழைவிட்டதில்லை. ஆனால் அவர்கள் வருடா வருடம் அதே அரிசியில் பொங்கினார்கள். எங்களிடம் வந்தது புதுத் தக்காளி.

தர்ஷினி தன் மீட்டரோடு வந்தாள். புளிப்பை எண்ணில் காட்டுகிற மீட்டர்; எண் கூடினால் புளிப்புக் குறைவு. எண் நாலரைக்குக் கீழே இருக்க வேண்டும், மேலே போனால் போத்தலுக்குள் கிருமி வளரும், விற்க ஏலாது.

"ஆன்டி, இதாலை பாக்கலாமோ? இதுக்கு நாக்கு இல்லை."

"பார் பிள்ளை. அதுவும் விரதம்தானே."

எண் நாலரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. "பாஸ்தான்" என்றாள் தர்ஷினி. "ஆனால் சாம்பிளைவிட உயரம்." காய்ச்சிக்கொண்டிருந்த அவசரத்தில் அந்த இரண்டாவது வசனத்தை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. பாஸ் என்றால் பாஸ்.

போத்தல்கள் டிக் டிக் என்று மூடிக்கொண்டன. முதல் போத்தலை அக்கா துணியில் சுற்றிப் பின்னேரப் பூசைக்கு எடுத்து வைத்தார். பூசை முடிந்த பிறகு போய்ச் சேரும் கணக்கில் மிச்சத்தை யோகனும் நானும் வானில் ஏற்றிச் சவுத்தாலுக்கு ஓட்டினோம். பாஜி அன்றைக்கே கேட்டிருந்தார்.

4. "எனக்கு எத்தனை வயது?"

பாஜியின் கிடங்கு பெரியது. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கண்ணாடி அடித்த ஒரு சின்ன ஒபிஸ். அவர் ஒரு போத்தலைத் திறந்து, ரொட்டித் துண்டைத் தோய்த்து வாயில் வைத்தார். மென்றார். நிறுத்தினார். திரும்ப மென்றார்.

"எனக்கு எத்தனை வயது இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று யோகனிடம் கேட்டார்.

யோகனுக்கு விளங்கவில்லை. "ஐம்பது?"

"அப்படியானால் ஏன் எனக்குக் குழந்தைப்பிள்ளை ஜாம் கொண்டுவந்திருக்கிறீர்கள்?"

யோகன் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். நானும் வைத்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. முதலில் இனிப்பு, பிறகு உறைப்பு, பிறகும் இனிப்பு. புளிப்பு என்பது பேருக்கும் இல்லை. சாறு வற்ற வற்ற அந்தத் தேன் இனிப்பும் சேர்ந்து வற்றித் தடித்துவிட்டது.

"அடுத்த வெள்ளி வரைக்கும் பார்ப்பேன்" என்றார் பாஜி. அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கடைகளுக்குச் சொல்லிவிட்டேன். ஷெல்பில் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். உங்களால் முடியாவிட்டால் வேறு ஒருவன் வருவான்."

ஏற்றிக்கொண்டு போன அத்தனை பெட்டியையும் திரும்ப ஏற்றினோம். நோர்த் சர்க்குலர் ரோட்டில் வாகனங்கள் நெரிசல். யோகன் சொன்னார்: "சல்வோவுக்கு என்னெண்டு சொல்லுறது, செல்வண்ணை? அந்த மனுசன் எங்களை நம்பிச் செடியை விட்டு வைச்சிருக்கு."

ரேடியோவைக் கொஞ்சம் குறைத்தேன். அது மட்டும்தான் செய்ய முடிந்தது.

5. பச்சைக் குவியல்

சனிக்கிழமை காலை யாரையும் வரச் சொல்லவில்லை. எல்லோரும் வந்திருந்தார்கள். அக்காவுக்கு நாங்கள் சொல்லத் தேவை இருக்கவில்லை.

"கோயிலிலை ஐயர் பூசை முடிஞ்சு திருப்பித் தந்தவர். மண்டபத்திலை பிள்ளையளுக்குக் குடுத்தன். சட்னி எண்டால் தூர ஓடுற பிள்ளையள், போத்தலை நக்கித் துடைச்சுப் போட்டுதுகள். அப்பவே எனக்கு விளங்கிட்டுது." பிறகு மெதுவாகச் சொன்னார்: "என்னாலைதானே தம்பி."

"விடுங்கோ அக்கா" என்றார் யோகன். "முருகன் சின்னப்பிள்ளைதானே. பஞ்சாமிர்தம் தின்னுற ஆள். அவருக்குப் பிடிச்சிருக்கும்."

அக்கா சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "பழப்புளி போடுவம். ஒரு உருண்டை கரைச்சு விட்டால் எல்லாம் சரி" என்றார்.

"ஏலாது ஆன்டி!" என்றாள் தர்ஷினி. லேபிள் ரோலைத் தூக்கிக் காட்டினாள். முழுச் சீசனுக்கும் சேர்த்து அடித்து வைத்திருந்தது. அதில் உள்ள சாமான் மட்டும்தான் போத்தலுக்குள் இருக்கலாம். பழப்புளி அதில் இல்லை. எலுமிச்சம்புளி இல்லை. வினாகிரி இல்லை. புது லேபிள் அடித்து வர வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். "புளிப்பு வேணும் எண்டால், இந்த லேபிளிலை இருக்கிற ஏதாவது ஒண்டுதான் புளிக்க வேணும்" என்றாள்.

எல்லோரும் லேபிளைப் பார்த்தோம். மிளகாய், கடுகு, வெந்தயம், பெருங்காயம், உப்பு, எண்ணெய். ஒன்றும் புளிக்காது.

யோகன் என்னைக் கூட்டிக்கொண்டு சல்வோவிடம் போனார். போனில் சொல்கிற விஷயம் இல்லை என்றார். சல்வோ ஒரு வரிசையின் முடிவில் நின்று, கூரையைத் தொட்ட கொடியைக் கயிற்றைத் தளர்த்திக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். யோகன் ஒளிக்காமல் முழுவதையும் சொன்னார். ஒருவரும் ருசி பார்க்கவில்லை என்பதையும், ஏன் என்பதையும்.

சல்வோ அதைக் கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார். "அந்த அம்மாவின் அண்ணன் இன்னும் அங்கேதானா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். இங்கிலீஷில் சொல்ல மறந்துபோனேன். அவருக்கு விளங்கியது.

பிறகு போத்தலைத் திறந்து ருசித்தார். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "என் மனைவி ரோசா இப்படிச் செய்தால் நான் வீட்டை விட்டுப் போயிருப்பேன்" என்றார். "இதற்குள் பச்சை எங்கே?"

"பச்சை?"

"ரோசா சோஸ் வைக்கும்போது பழுத்ததோடு காயும் போடுவாள். இல்லாவிட்டால் அது பல் முளைக்காத பிள்ளைகளுக்குத்தான் என்பாள்."

கண்ணாடி வீட்டின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கொடி இறக்கும்போது முறிந்த குலைகள், தவறி விழுந்த காய்கள், எல்லாம் ஒரு பச்சைக் குவியல். பழுக்காததைப் பாக்ஹவுஸும் எடுக்காது, நாங்களும் கேட்டதில்லை. அதனால் அது எங்களுக்குக் காட்டப்படவே இல்லை. ஒரு பக்கம் கன்னம் மாதிரிச் சிவக்கத் தொடங்கிய ஒரு காயை நான் கடித்தேன். காது வரைக்கும் புளித்தது.

யோகன் ஓடிப்போய் வானிலிருந்து லேபிளை எடுத்துவந்தார். முதல் சாமான் என்ன போட்டிருக்கிறது? தக்காளி. பழுத்த தக்காளி என்று எங்கேயும் இல்லை. தர்ஷினிக்குப் போன் போட்டார். மறுபக்கம் அவள் கத்தியது எனக்கும் கேட்டது. இங்கிலீஷில்தான், ஆனால் கோபம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சின்னச் சட்டிகளில் செய்து பார்த்தோம். நான் காய்களைத் தரம் பிரித்தேன். பிஞ்சு கைக்கும், அது வேண்டாம். வெளிறி முற்றினதும் கன்னம் சிவந்ததும்தான் வேண்டும். தர்ஷினி ஒவ்வொரு சட்டிக்கும் எவ்வளவு காய், எவ்வளவு பழம் என்று அளந்து மீட்டரைப் பிடித்தாள். எண் இறங்கிக்கொண்டே வந்தது. நாலாவது சட்டியில் அவள் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, "மெஷின் ஓகே சொல்லுது. இனி ஆன்டி சொல்ல வேணும்" என்றாள்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தார்.

"இறைச்சியைக் கடிச்சுப் பாத்து, ருசியானதை உங்கடை அப்பாவுக்குக் குடுத்த வேடனை அவர் கோவிச்சவரே?" என்று படத்திடமே கேட்டார். பிறகு கரண்டியை எடுத்துத் தானே முதலில் ருசித்தார். "உப்பு காணாது" என்றார்.

"உப்பு மணக்கும் எண்டனீங்கள்?" என்றார் யோகன்.

"பொத்தடா வாயை. கரண்டியைப் பிடி."

அன்றைக்கு ஆறு பேரும் வரிசையில் நின்று ருசித்தோம். பிளாஸ்டிக் கரண்டி, ஆளுக்கு ஒன்று.

6. வானுக்குள் சாப்பாடு

செவ்வாய்க்கிழமை புது லோட்டைக் காய்ச்சினோம். அடுத்த நாள் சாம்பிள் கொண்டுபோக வேண்டும். யோகன் வானை ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பை என் கையில் தந்தார்.

"நீங்கள் போங்கோ, செல்வண்ணை. என்ரை முகத்தைக் கண்டால் அந்தாளுக்கு ஜாம்தான் ஞாபகம் வரும்."

"நான் என்னெண்டு கதைக்கிறது?"

"கதைக்க வேண்டாம். போத்தலைக் குடுங்கோ."

போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டிய இங்கிலீஷைப் பாடமாக்கினேன். ஒபிஸ் ஜன்னலில் இருந்த பிள்ளை, பாஜி மீட்டிங்கில் இருக்கிறார், வெயிட் பண்ணுங்கள் என்றாள். பாடமாக்கியது அத்தனையும் அந்த ஜன்னலிலேயே மறந்துபோனது. போத்தலைக் கொடுக்காமலே வானுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

காத்திருந்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. மனைவி கட்டித் தந்த புட்டைத் திறந்தேன். கறி இல்லை, வாழைப்பழம்தான் வைத்திருந்தா. பக்கத்தில் சட்னிப் பெட்டி. ஒரு போத்தலைத் திறந்து புட்டில் போட்டுக் குழைத்துச் சாப்பிடத் தொடங்கினேன்.

தலைப்பாகை கட்டிய ஒரு லோடர் வந்து கதவில் தட்டினார். வயதான மனிதர். வானை எடு, லொறி வருகிறது என்று கையால் காட்டினார். பிறகு மூக்கைச் சுருக்கி மணந்து பார்த்தார். "இது என்ன?" என்றார்.

எனக்குச் சொல் வரவில்லை. போத்தலை நீட்டினேன்.

அவர் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே திரும்பிப் போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்து வானை எடுக்கப் பார்த்தேன். அதற்குள் ஒரு தாளில் சுற்றிய ரொட்டியோடு திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். பிறகு போர்க்லிப்ட் ஓட்டுகிறவர் இறங்கி வந்தார். வானின் பின்கதவில் நான்கு பேர் சாய்ந்து நின்று தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார்கள். என் புட்டிலும் ஒருவர் ஒரு பிடி எடுத்தார். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் அந்தக் கிடங்கில் எத்தனையோ வருடம் வேலை செய்தவன் மாதிரி இருந்தது.

லொறி வந்து ஹோர்ன் அடித்தது. யாரும் அசையவில்லை. பாஜி ஒபிஸிலிருந்து கத்திக்கொண்டு வந்தார். என்ன நடக்கிறது, யார் லொறியை இறக்குவது என்று பஞ்சாபியில் ஏசினார் என்று நினைக்கிறேன். வயதான லோடர் ஒரு துண்டு ரொட்டியைத் தோய்த்து முதலாளியின் கையில் வைத்தார்.

பாஜி சாப்பிட்டார். என்னைப் பார்த்தார். வானைப் பார்த்தார்.

"இதில் புளிப்புக்கு என்ன போட்டீர்கள்?"

"டொமாட்டோ."

"தக்காளி தெரியும். புளிப்புக்கு?"

"டொமாட்டோ. கிரீன்."

"யார் செய்தது?"

பாடமாக்கியதில் ஒரு சொல்லும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன். "லேடி. அண்ட் மெஷின் கேர்ல். அண்ட் இத்தாலி மேன். மீ, வாஷிங்."

பாஜி சிரித்துவிட்டார். லோடர்களும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. "வாஷிங்" என்று திரும்பச் சொல்லி என் தோளில் தட்டினார். "உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை முழு லோட். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும். இப்போது என் ஆட்களைத் திரும்பத் தாருங்கள்."

வானை வெளியே எடுத்து ஒரு ஓரமாக நிறுத்தி யோகனுக்குப் போன் போட்டேன். "வெள்ளிக்கிழமை. முழு லோட்" என்றேன். மறுபக்கம் ஆறு பேரின் சத்தம் கேட்டது. நான் இல்லாமல் யூனிட்டில் ஐந்து பேர்தான். ஆறாவது சல்வோ. செய்தி தெரியும்வரை தோட்டத்தில் நிற்க ஏலாமல் காய்ப் பெட்டிகளோடு யூனிட்டுக்கே வந்துவிட்டாராம்.

7. இப்போது

ஓகஸ்ட் பிறந்தது. சல்வோ செடியைப் பிடுங்கவில்லை. குப்பைத் தொட்டி வருவது குறைந்து, பிறகு நின்றது. வெடித்தது, பெருத்தது, மூக்கு வைத்தது எல்லாம் எங்களிடம் வந்தன. முன்னம் யாரும் பெட்டியில்கூட அடுக்காத பச்சைக் காய்க்கு இப்போது தனிப் பெட்டி, தனி விலை. சீசன் முடியக் கடைசிச் செடியை அறுத்தபோது கிடைத்த காயும் எங்களுக்கே. அந்த இனிப்புச் சட்னியை நாங்கள் எல்லோரும் வீட்டுக்குக் கொண்டுபோனோம். பிள்ளைகள் கோடை முழுவதும் பாண் துண்டுகளில் ஜாம் மாதிரிப் பூசித் தின்று தீர்த்தார்கள்.

யூனிட்டில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு கிடாரத்திலும் மீட்டர் பார்த்த பிறகு எல்லோரும் ருசிக்க வேண்டும். கழுவுகிறவரும் ருசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒரு போத்தல் முருகன் படத்துக்கு முன்னால் போகும். படத்துக்கு வைத்த பிறகு அக்கா ஒருமுறை "நல்லதுதான் தாறம்" என்று சொல்லுவார். அது மந்திரம் இல்லை. ஆனாலும் அவர் சொன்ன பிறகுதான் நாங்கள் பெட்டி ஒட்டுவோம்.

அக்காவின் தமையன் குடும்பம் இந்த மாதம் முகாமிலிருந்து வெளியே வந்துவிட்டது. அக்கா அன்றைக்கு வேலைக்கு வந்து, வழக்கமாகக் கிளறுவதைவிட வேகமாகக் கிளறினார். நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் அவராகச் சொன்னார்.

நான் படித்த பாடம் சின்னது. தோட்டக்காரன் எறிகிற இடத்தையும் ஒருதரம் போய்ப் பாருங்கள், உங்களுக்குக் குறைகிற சாமான் அங்கே கிடக்கலாம். யாருக்குக் கொடுப்பதாக இருந்தாலும், கடவுளுக்கே என்றாலும், ருசித்துப் பார்த்துக் கொடுங்கள். பேச வராவிட்டால் பரவாயில்லை, போத்தலைத் திறந்து நீட்டுங்கள். எனக்கு வேலை தந்த யோகனுக்கும், பச்சைக் குவியலைக் காட்டிய சல்வோவுக்கும், பெயர் கேட்க வெட்கப்பட்டு இன்றுவரை பெயர் தெரியாத அந்த வயதான லோடருக்கும் நான் கடமைப்பட்டவன்.

நேற்று யூனிட்டில் போன் அடித்தது. பக்கத்தில் யாரும் இல்லை. எனக்குப் போன் எடுக்கப் பயம், ஆனாலும் எடுத்தேன். சல்வோ. புது வருடத்துக்கு நாற்று ஓடர் கொடுக்கிறாராம். எப்போதும் போடுகிற இனிப்புத் தக்காளிச் சாதியோடு எங்களுக்கென்று இரண்டு வரிசை வேறு சாதி போடலாம் என்று ரோசா சொல்கிறாவாம். என்ன சாதி வேண்டும் என்று கேட்டார்.

"புளிக்கிறது" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவர் "ஓம்" என்றார்.

செல்வராசா
பிளேஸ்டோ, லண்டன்
2009 மார்கழி 13, ஞாயிற்றுக்கிழமை